மகள் அணுக்கருக் கோட்பாடு படிக்கட்டுமா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. அணு என்றாலே கதிர்வீச்சு, பெண்பிள்ளை உடம்புக்கு ஆகுமா என்பது ஒன்று. இவ்வளவு படித்து வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் கவலையை இன்றே விட்டுவிடுங்கள். முதல் பட்டத்துக்குப் பின் வரும் ஆனர்ஸில் மகள் எடுக்க நினைப்பது அணுக்கரு இயற்பியலின் கோட்பாட்டுப் பிரிவு. காகிதமும் கணினியும்தான் அவளுக்குக் கருவிகள். கதிரியக்கப் பொருள் எதையும் அவள் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது கவலைக்குப் பதில் சொல்வதற்கு முன், அவள் என்ன செய்யப்போகிறாள் என்று நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர் நியூக்ளியான். நெடுநேரம் நிலைக்காத அரிய அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் ஒரு பெரிலியம் தகட்டின் மேல் விடுகிறார்கள். ஓரமாக உரசிக்கொண்டு போகும் கருவிலிருந்து சில சமயம் ஒரே ஒரு நியூக்ளியான் கழன்றுவிடும்; மிச்சக் கரு கிட்டத்தட்ட நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்தின் உந்தம் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று அளந்தால், கழன்ற நியூக்ளியான் உள்ளே எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். பரவல் குறுகலாக இருந்தால், அது கருவைவிட்டு வெகுதூரம் வரை விரிந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். 1985-இல் ஜப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழுவினர் அமெரிக்காவின் பெர்க்லியில் செய்த அளவீடுகளில் லித்தியம்-11 என்ற அரிய கரு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருப்பது தெரிந்தது. அதன் பிறகு இந்தத் துறையே சூடுபிடித்தது.

கோட்பாட்டாளரின் வேலை, அப்படி எத்தனை கருக்கள் ஒரு நியூக்ளியானை இழக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது. கரு நேர்கோட்டில் போவதாக எடுத்துக்கொண்டு, எவ்வளவு ஓரமாக உரசினால் மிச்சம் சிதையாமல் தப்பும் என்று ஒவ்வொரு தூரத்துக்கும் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். வரும் விடையை ஆய்வகத்தில் அளந்ததோடு ஒப்பிடுவார்கள். லேசாகக் கட்டுண்ட நியூக்ளியானுக்கு இரண்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. இறுக்கமாகக் கட்டுண்டதற்கோ அளந்தது கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் வேறுவகை வினைகளில் இவ்வளவு பெரிய சரிவு தெரிவதில்லை. பிழை வினைக் கணக்கிலா, கருவின் அமைப்பை நாம் புரிந்துகொண்டதிலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இப்படித் தீராத கேள்வி இருக்கும் இடத்தில்தான் புது மாணவிக்கும் செய்ய வேலை இருக்கும் என்பது என் கருத்து.

இந்தச் சோதனைகள் ஜப்பானின் ரிகென், ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ., 2022-இல் மிச்சிகனில் திறந்த எஃப்ரிப் போன்ற ஆய்வகங்களில் நடக்கின்றன. நம் தென்னாப்பிரிக்காவில் சோமர்செட் வெஸ்ட் அருகே இருக்கும் ஐதெம்பா ஆய்வகத்தில் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் கற்றையை வைத்து, கருவிலிருந்து புரோட்டானைத் தட்டி வெளியேற்றும் சோதனைகள் வெகுகாலம் நடந்திருக்கின்றன. ஆகவே இது இங்கே வேரில்லாத துறை அல்ல. கோட்பாட்டை டர்பனில் உட்கார்ந்தும் செய்யலாம்.

சரி, வேலை. நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு. அதை மட்டுமே நம்பி மகளை அனுப்பாதீர்கள். ஆனர்ஸ் ஒரு வருடம், மாஸ்டர்ஸ் இரண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று. ஒவ்வொரு படியிலும் இறங்கிக்கொள்ள வழி இருக்கிறது. கணக்கும் நிரல் எழுதுவதும் கைவந்தவர்களை ஜோஹன்னஸ்பர்க் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. கூபெர்க் அணுமின் நிலையம், பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களிலும் இயற்பியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. மருத்துவ இயற்பியலாளர் ஆவது வேறு பாதை. அதற்குத் தனி ஆனர்ஸும், பிறகு இரண்டு வருட மருத்துவமனைப் பயிற்சியும், எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் தொழிலோர் மன்றத்தில் பதிவும் வேண்டும். மனம் அந்தப் பக்கம் சாய்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், பின்னால் மாறினால் வருடம் வீணாகும்.

பணத்தைப் பொறுத்தவரை, என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி முதல் பட்டத்துக்கானது. ஆனர்ஸுக்கு என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு அறக்கட்டளையின் உதவித்தொகையை முந்தின வருடமே விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டியிடம் ஆய்வு நிதி உண்டா, அவரிடம் படித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மகள் நேராகவே கேட்கட்டும். நல்ல வழிகாட்டி தயங்காமல் சொல்வார். வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பது எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட முக்கியம்.

அப்புறம், மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஜூலை விடுமுறையில் அவள் ஒரு சின்னக் கணக்கைச் செய்யட்டும். பெரிலியம்-11 கருவில் கடைசி நியூட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் அரை மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். சாதாரணக் கருக்களில் இது எட்டு அளவில் இருக்கும். அந்த அரை சரியாக வரும்வரை உட்ஸ்-சாக்ஸன் நிலையாற்றல் குழியின் (நியூட்ரானைக் கரு பிடித்திழுப்பதைக் காட்டும் வடிவம்) ஆழத்தை மாற்றி, நியூட்ரான் எங்கெங்கே இருக்கக்கூடும் என்று காட்டும் அலைச் சார்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பைத்தான் நிரலில் வரையட்டும். விடை வராத நாட்களில் அவள் எரிச்சலோடு மூடி வைக்கிறாளா, சாப்பாட்டை மறந்து உட்காருகிறாளா என்று வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் வருட மதிப்பெண் தாளோடு அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, அவளையும் அழைத்து வாருங்கள். எந்த வழிகாட்டியிடம் முதலில் பேசலாம் என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.