காத்தாடிக்கு முதல் கிணற்றைப் பாருங்கோ: பழைய காற்றாலை பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற இரும்புக் காற்றாலையைத் திருத்தி, போன சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், அதால் தண்ணீர் எடுத்தோம். நான் தண்ணீர் மெசின் திருத்துகிறவன். காற்றாலை வேலையை என் தகப்பனிடம் பழகினேன். அந்தக் காற்றாலையின் படத்தைப் பார்த்துவிட்டு வன்னியின் பல பக்கத்தாலும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாங்குளம்: அண்ணை, அப்பப்பா காலத்துக் காத்தாடி ஒண்டு எங்கட வளவுக்குள்ள நிக்குது. வாலும் இல்லை, இறக்கையில பாதியும் இல்லை. திருத்தேலுமோ, இல்லாட்டி இரும்புக்குக் குடுக்கிறதோ?

குடுக்காதேங்கோ தம்பி. வாலும் இறக்கையும் வெறும் தகடு. நல்ல பட்டறைக்காரர் ஒருவர் ஒரு கிழமையில் வெட்டி வளைத்துத் தருவார். பார்க்கவேண்டியது மூன்று இடம்: கோபுரக் கால்கள் நிலத்துக்குள் இறங்கும் இடம், மேலே பல்சில்லுப் பெட்டி, கீழே கிணறு. கால்களைச் சுற்றி ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். துரு பெரும்பாலும் மண் மட்டத்தில்தான் தின்னும். அது தெரியாமல் ஒருவரும் மேலே ஏறக்கூடாது. ஏறமுன் சில்லைக் கம்பியால் கட்டவேண்டும்; இறுகிக் கிடக்கிற சில்லு மனிதப் பாரம் பட்டதும் திடீரென்று சுற்றும்.

எல்லோரும் மேலே பார்த்துத் தொடங்குகிறார்கள். நான் கிணற்றில் தொடங்குவேன். தூர்ந்த கிணற்றின் மேல் காத்தாடி எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் பயன் இல்லை. சனம் நெடுங்காலம் விட்டுப்போயிருந்த காணி என்றால், கிணற்றைத் தொட முதல் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு அறிவித்துவிடுங்கள். பழைய கிணற்றுக்குள் காற்றும் கெட்டிருக்கும், ஆளை உடனே இறக்கவேண்டாம். இறைப்பதற்கு மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பதும் கூடாது. அதன் புகை உள்ளே நிற்கிறவரைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

ஒட்டுசுட்டான்: ஐயா, இது ஒல்லாந்தர் கொண்டுவந்த காத்தாடியோ?

உருவம் அது இல்லை. ஒல்லாந்தரின் காற்றாலை நாலு பெரிய இறக்கையோடு, வீடு போல இருக்கும். கிண்டர்டைக் என்ற ஊரில் 19 காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை. பள்ளக் காணியில் தேங்கும் வெள்ளத்தை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. நமக்கோ நிலத்துக்கு அடியில் கிடக்கிற தண்ணீரை மேலே எடுக்கவேண்டும்.

நம் வளவுகளில் நிற்கும் பல இறக்கை உருவம் அமெரிக்காவில் பிறந்தது. காற்று மாறும்போது தானே திரும்பி, காற்று பலமானால் தானே ஒதுங்கும் காற்றாலையை டானியல் ஹலடே 1854இல் செய்தார். ஏர்மோட்டர் என்ற உருக்குக் காற்றாலை 1888இல் வந்தது. அதன் இறக்கை வளைவைத் தீர்மானிக்க தோமஸ் பெரி என்ற பொறியியலாளர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தார். அந்த வளைவை இன்றும் பெரிதாக யாரும் மாற்றவில்லை. 1970களின் கடைசியில் ஒல்லாந்து உதவியோடு இலங்கையிலும் நீர் இறைக்கும் சிறிய காற்றாலைகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றின் சில்லு 3 மீற்றர் அகலம். அந்த வகையில் ஒல்லாந்தருக்கும் பங்கு உண்டு, ஆனால் கோட்டை கட்டின ஒல்லாந்தருக்கு அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தத் தீவில் காற்றை வேலைக்குப் பிடித்தது வெள்ளைக்காரனுக்கு வெகு முந்தியது. பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவ பக்கத்து மலைச்சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை தென்மேற்குக் காற்றை நேரே உலைக்குள் விட்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அகழ்வாராய்ச்சியில் கண்டுபிடித்து, உலையைத் திருப்பிக் கட்டி உருக்கியும் காட்டினார்கள். நாம் சோளகம் என்கிற அதே காற்று.

செட்டிகுளம்: மன்னாரில நிக்கிறதுக்கு மூண்டு இறக்கை. உங்கடதுக்கு ஏன் பதினெட்டு?

மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 ஆலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். அவை மின்சாரத்துக்கு வேகமாகச் சுற்றவேண்டும். அதற்கு இறக்கை குறைவாக இருப்பது நல்லது. நம்முடையது கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர்ப் பாரத்தை அசையா நிலையிலிருந்து தூக்கவேண்டும். மெல்லிய காற்றிலும் அந்த முதல் இழுப்பு வரவேண்டுமானால் தகடு நிறைய வேண்டும். மாட்டு வண்டிலும் மோட்டார் சைக்கிளும் போல.

துணுக்காய்: எவ்வளவு தண்ணி வரும்? ஒரு ஏக்கர் மிளகாய்க்குக் காணுமோ?

3 மீற்றர் சில்லு, 20 அடி ஆழத்தில் தண்ணீர், செக்கனுக்கு 4 மீற்றர் காற்று என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 2,700 லீற்றர். எட்டு மணி நேரம் ஓடினால் 21 ஆயிரத்துக்கு மேல். வெய்யிலில் ஒரு ஏக்கர் நாளுக்கு 6 மில்லிமீற்றர் குடித்தால் 24 ஆயிரம் லீற்றர் வேண்டும். அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைய. பன்னிரண்டு, பதின்மூன்று பரப்பு என்று திட்டமிடுங்கள் (ஒரு ஏக்கர் பதினாறு பரப்பு).

ஆனால் காற்று இரட்டித்தால் அதன் பலம் எட்டு மடங்கு, பாதியானால் எட்டில் ஒன்று. அதனால் தொட்டி இல்லாமல் காற்றாலை வைக்கவேண்டாம். இராக்காற்றில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காலையில் பாய்ச்சவேண்டும். வன்னிக்கு ஒரு கொடுப்பினை உண்டு: கிணறு வற்றுகிற வைகாசி முதல் புரட்டாதி வரைதான் மேற்குக் காற்றான கச்சானும் சோளகமும் நின்று வீசும். தண்ணீர் தேவைப்படும் மாதத்திலேயே காற்று வருகிறது.

புதுக்குடியிருப்பு: கோபுரத்தில ஷெல் துண்டு பட்ட ஓட்டையள் இருக்கு. வெல்டிங் பண்ணி அடைக்கட்டோ?

வாலிலும் இறக்கையிலும் உள்ள ஓட்டையை அப்படியே விடுங்கள், ஓட்டத்துக்குக் கேடில்லை. நாங்கள் திருத்தியதிலும் வாலில் ஏழு ஓட்டை. தோட்டத்து அம்மா அதை அடைக்கவேண்டாம் என்றார். நாங்களும் அடைக்கவில்லை. ஆனால் கோபுரச் சட்டத்தில், அதுவும் போல்ட் பூட்டுகிற இடத்துக்குக் கிட்ட ஓட்டை என்றால் அந்தச் சட்டத்தையே மாற்றுங்கள். நாக (துத்தநாக) முலாம் பூசிய இரும்பை அப்படியே வெல்டிங் பண்ணினால் வெள்ளைப் புகை வரும், காய்ச்சலில் படுப்பீர்கள். முலாமை உராய்ந்து எடுத்து, வெளியில் காற்றோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

நெடுங்கேணி: பல்சில்லுப் பெட்டிக்குப் புது பெயரிங் எங்க வாங்கலாம்?

பழைய ஏர்மோட்டர் வகையில் பெயரிங் இல்லை அக்கா, உருக்கி ஊற்றிய வெள்ளீயக் கலவைதான். தேய்ந்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தண்டை நடுவில் நிறுத்தித் திரும்ப ஊற்றவேண்டும். ஒயில் ஒழுங்காக இருந்தால் அந்த வேலை ஒருவர் ஆயுளில் ஒருமுறை வந்தாலே அதிகம். 1915க்குப் பிறகு வந்தவற்றில் பல்சில்லுகள் ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அதற்கு முந்தியவற்றுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஏறி ஒயில் விடவேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒருக்கால் சித்திரை வருடப்பிறப்புக்கு முதல், சோளகம் தொடங்க முன், ஒயிலை மாற்றிவிடுங்கள்.

மேலிருந்து கிணற்றுக்குள் இறங்கி இறைக்கும் றொட்டில் ஒரு துண்டு மரமாக இருக்கும். அதைக் கண்டு பலர் இரும்பாக மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள்! கீழே ஏதாவது சிக்கினால் அந்த மரம் உடைந்து பல்சில்லைக் காப்பாற்றும். பாலையோ முதிரையோ போடவும் வேண்டாம், உடையவேண்டிய நேரத்தில் உடையாது.

பரந்தன்: பக்கத்தில பனை நிக்குது, வெட்டவோ?

வேண்டாம். சுற்றிவர 400 அடிக்குள் உள்ள எல்லாவற்றையும் விடச் சில்லு 15 அடி உயரத்தில் நிற்கவேண்டும் என்பது கணக்கு. கோபுரத்தை உயர்த்துங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

வவுனியா: சோலார் பம் இருக்கேக்க ஏன் இந்தக் கஷ்டம்?

புதிதாக வாங்குகிறவருக்கு நானும் சோலார்தான் சொல்வேன். ஏற்கனவே நிற்கிற காற்றாலைக்குக் கணக்கு வேறு. தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை வந்தபோது மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்கினோம், மெசின்கள் படுத்தன. ஆடுகால் நட்டுத் துலாவை (கையால் இறைக்கும் ஏற்றத்தை) திரும்பப் போட்ட தோட்டங்கள் எனக்குத் தெரியும். அப்போது எங்கள் பக்கத்துக் காத்தாடி ஒன்று நாலு குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுத்தது. திருத்துவதற்கு நட்டுக் கழற்றும் சாவி, சுத்தியல், சிலிண்டருக்குள் போட ஒரு துண்டு மாட்டுத்தோல் போதும். சோலார் பெட்டி பழுதானால் அந்தச் சாவி உதவாது.

முள்ளியவளை, பள்ளிக்கூடப் பிள்ளை: தாத்தா, காத்தாடி சத்தம் போட்டா என்ன வருத்தம்?

நல்ல கேள்வி, பிள்ளை. கிறீச் என்றால் ஒயில் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் டொக் என்றால் றொட் மூட்டு தளர்ந்துபோச்சு. சத்தமே இல்லாமல் சில்லு சுற்றியும் தண்ணீர் வராவிட்டால் கிணற்றுக்குள் உள்ள இறைக்கும் சிலிண்டரின் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். குழாய்க்குள் மேலால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் பொறுத்துப் பார்.