உட்கார விடாத ஜவுளிக்கடை

உங்கள் தங்கை ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறார், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் சேலைப் பிரிவில் நாலு வருஷம் நின்றவள். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் நரம்பு புடைத்திருக்கும், செருப்பு வார் பதிந்த இடம் குழியாக இருக்கும்.

இருக்கை முதலாளி காட்டும் தயவு இல்லை, சட்டம். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம் என்றார்கள். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல வருஷம் போராடி வாங்கியது அது.

தங்கை தனியாக மேனேஜரிடம் பேச வேண்டாம், வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும். நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம். அப்புறம், நாற்காலி இருந்தும் உட்கார விடுவதில்லை என்றால் அதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.