சர்ஜாபூரில் குண்டா, ஓசூரில் சென்ட்: நிலத்தை எப்படி ஒப்பிடுவது?

கர்நாடகத்தில் உள்ள சர்ஜாபூரில் நிலத்தைக் குண்டாவில் சொல்வார்கள், தமிழ்நாட்டு ஓசூரில் சென்ட்டில். ஒரு குண்டா இரண்டரை சென்ட், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் வகுத்த, நிலம் அளக்கும் சங்கிலிக்கு நீளம் 66 அடி, 100 கண்ணி. 10 சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்குதான் நம்ம சென்ட், 435.6 சதுர அடி. பம்பாய் மாகாண முறையைப் பின்பற்றிய பழைய மைசூர் (இன்றைய கர்நாடகத்தின் ஒரு பகுதி) சர்வேயில் கன்டர் சங்கிலியில் பாதி நீளம், 33 அடிச் சங்கிலி, அதையும் 16 அணாவாகப் பிரித்திருந்தார்கள்! இந்த 33 அடிச் சங்கிலியால் ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் போட்டால் 1,089 சதுர அடி, அதுதான் குண்டா, 40 சேர்ந்தால் ஏக்கர். அப்புறம், முன்பணம் கொடுக்குமுன் பத்திரத்தில் உள்ள அளவைச் சர்வே ஸ்கெட்சோடு சதுர அடியிலேயே ஒப்பிடுங்கள்.