மீன்தொட்டி ஸ்டாண்டுக்கு மரம்: எது, எத்தனை அடி, என்ன விலை?

கேள்வி: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. இரும்பு ஸ்டாண்டு உப்புக் காற்றில் துருப்பிடித்துவிட்டது. மரத்தில் செய்ய ஆசை. மரவாடியில் கன அடிக் கணக்கு சொல்கிறார்கள், பிடிபடவில்லை. எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் எடையைப் பாருங்கள். தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர், அதாவது 255 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 50 கிலோவைத் தாண்டும். மணலும் கல்லும் 40 கிலோ. ஆகமொத்தம் 350 கிலோ, ராத்திரி பகலாக இறங்காமல் நிற்கும் பாரம்.

நம் பக்கத்துக்கு ஏற்றது பலா. பண்ருட்டி அருகில் இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. வைரம் (முற்றிய நடுமரம்) பாய்ந்த பலாவைக் கறையான் எளிதில் அண்டாது, விலையும் தேக்கைவிடக் குறைவு. வேம்பும் உழைக்கும், ஆனால் நார் முறுக்கிக்கொண்டு ஓடும் துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். மாமரம் மலிவு என்று வாங்காதீர்கள். தொட்டியடியில் ஈரம் படாமல் இருக்காது, சீக்கிரமே உளுத்துவிடும்.

துண்டை எடுத்ததும் அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். பலாவில் நடுவே மஞ்சளாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரிவது வெள்ளை. அந்த வெள்ளையில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருந்து, தரையில் தட்டினால் மாவு கொட்டுகிறதென்றால் வண்டு புகுந்துவிட்டது. பிறகு ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். முடிச்சுள்ள துண்டு காலுக்கு ஆகும், படுக்கைச் சட்டத்துக்கு வேண்டாம்.

இனி கணக்கு. அகலத்தையும் தடிமனையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 3க்கு 2 அங்குலச் சட்டம் 24 அடி சேர்ந்தால் ஒரு கன அடி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கடையிலேயே வாய்க்கணக்காகப் போட்டுவிடலாம்.

உங்களுக்கு வேண்டியது மேலே ஒரு சட்டகம், கீழே ஒரு சட்டகம், நடுவில் ஆறு கால்கள், எல்லாம் 3க்கு 2 சட்டத்தில். நாலடித் துண்டு 4, குறுக்குத் துண்டு பதினாலரை அங்குலத்தில் 6, இரண்டடிக் கால் 6. முனைகளில் வெடிப்பு இருக்கும், ரம்பமும் கொஞ்சம் தின்னும். அதனால் எட்டரை அடியில் இரண்டு, ஆறேகால் அடியில் இரண்டு, ஏழரை அடியில் ஒன்று என்று கேளுங்கள். மொத்தம் 37 அடி, 1.54 கன அடி. கன அடி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அடிக்கு 50, மரத்துக்கு 1,850 ரூபாய். அறுப்புக்கூலி, இழைப்புக்கூலி, வரி இதில் அடங்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பில் போடுவது அறுத்த அளவுக்கு. இழைத்தபின் 3க்கு 2 என்பது இரண்டேமுக்காலுக்கு ஒன்றேமுக்கால்தான் நிற்கும். உங்கள் தொட்டிக்கு அதுவே போதும். இழைத்தபின்னும் முழு 3க்கு 2 வேண்டுமென்றால் மூன்றேகாலுக்கு இரண்டேகாலாக அறுக்க வேண்டும், அதே 37 அடி 1.88 கன அடியாகிவிடும். இன்னொன்று: 1,200 ரூபாய் மரத்தில் கால்வாசி வெள்ளை என்றால், வைரத்துக்கு நீங்கள் கொடுப்பது உண்மையில் 1,600. பக்கத்து மரவாடியில் முழு வைரம் 1,400க்குக் கிடைத்தால் அதுதான் மலிவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் காய்ந்திருக்காது, அப்போது வாங்காதீர்கள். பச்சை மரம் காய்ந்தபின் சுருங்கி மூட்டு விட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை எடைபோட்டு, ஒரு வாரம் மின்விசிறிக் காற்றில் வைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை நன்றாக இறங்கியிருந்தால் அது இன்னும் காயவில்லை.

மேல்சட்டகம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து முடுக்கினால் முழுப் பாரமும் திருகாணியில் தொங்கும். மரத்தின் மேல் மரம் நிற்கட்டும், திருகாணி நகராமல் பிடித்தால் போதும். அதுவும் 304 எவர்சில்வர் திருகாணியாக இருக்கட்டும். முன்துளை போடாமல் ஏற்றினால் காய்ந்த பலா பிளந்துவிடும்.

கேள்வி: மேல்பலகைக்குப் பார்ட்டிகிள் போர்டு போடலாமா? பிளைவுட்டைவிட மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது வழியும் நீர் திருகாணித் துளைவழியே இறங்கி, பலகை பிஸ்கட்போல உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்குங்கள். நாலடித் தொட்டிக்கு மேலே 6 சதுர அடி போதும். 8க்கு 4 முழுத் தாள் 32 சதுர அடி வரும் என்பதால் வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள், நீர் உறிஞ்சுவது அங்கேதான். முதுகுப்பக்கம் 12 மி.மீ. பிளைவுட்டை முழுசாக அடித்துவிட்டால் ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடாது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பழைய வீடு இடித்த பர்மா தேக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: தாராளமாக. பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆனால் சுவருக்குள் புதைந்திருந்த முனை இற்றிருக்கும், அந்த நீளத்தைக் கழித்தே அளக்கச் சொல்லுங்கள். ஆணிகளை எல்லாம் பிடுங்கியபின், காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், ரம்பப் பல் போய்விடும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: ஸ்டாண்டை வைத்தபின் ஒரு மூலை சற்றே தாழ்ந்திருக்கிறது. தொட்டிக்கு அடியில் அட்டை வைக்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூடாது. கண்ணாடி முறுக்கிக்கொண்டு சிலிக்கான் மூட்டு விட்டுவிடும். தொட்டியைக் காலிசெய்து இறக்கி, ஸ்டாண்டின் காலடியில் ஆப்பு கொடுத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தொட்டிக்கடியில் முழுப் பரப்புக்கும் அரை அங்குலத் தெர்மாகோல் ஒரே தாளாக விரியுங்கள். பாதி நிரப்பியதும் மறுபடி ரசமட்டம் வையுங்கள்.