பியருக்குத் தடிக்கிறது, சாராயத்துக்கு இல்லையே, ஏன்?

பொகவந்தலாவையிலிருந்து 34 வயதான வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பியர் குடித்தால் அரை மணித்தியாலத்துக்குள் கழுத்திலும் கைகளிலும் தடித்து அரிக்கிறது. கடந்த நத்தாருக்கு அக்கா வீட்டில் செய்த வைனில் அரைக் கோப்பை குடித்தபோது உதடு வீங்கி மூச்சும் இழுத்தது. சாராயத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. நகரத்தில் ஒருவர், இரத்தம் எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருவதாகக் கூறுகிறாராம். அதற்குப் பணம் கட்டலாமா, அரிப்புக்குப் போடும் பிரிட்டோன் குளிசையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் பியர் குடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பியரில் உள்ள அதே மதுசாரம்தான் சாராயத்திலும் இருக்கிறது. ஆகவே உங்கள் உடல் மறுப்பது மதுசாரத்தை அல்ல, அதனுடன் வருகிற வேறொன்றை. பியர் பார்லியைப் புளிக்கவைத்து எடுப்பது. பார்லியின் சில புரதங்கள் கொதிக்கவைத்தாலும் அழியாமல் போத்தல் வரைக்கும் வந்துவிடும். சாராயமோ தென்னங்கள்ளைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்து எடுப்பது. புரதம் ஆவியாவதில்லை, காய்ச்சிய பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது.

அப்படியானால் பார்லியே இல்லாத வைன் ஏன் இன்னும் மோசமாகத் தாக்கியது? அக்காவிடம் ஜாடிக்குள் என்னென்ன போட்டார் என்று ஒன்றுவிடாமல் கேளுங்கள். முந்திரிகை வற்றல், சீனி, ஈஸ்ட், கராம்பு, கறுவா என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், கோதுமை மணி போட்டீர்களா என்று நீங்களே கேளுங்கள். ஒரு பிடி கோதுமை போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை ஒரு சேர்மானமாகவே நினைக்காததால் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கோதுமையும் பார்லியும் நெருங்கிய சொந்தங்கள், ஒன்றை மறுக்கும் உடல் மற்றதையும் மறுக்கக்கூடும். மஞ்சள் நிற வற்றல் என்றால் அது கந்தக வாயுவில் பதப்படுத்தப்பட்டதாகவும் இருக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் மூச்சு இழுத்ததற்கு அதுவே போதிய காரணம். ஆனால் பியருக்குக் கழுத்து தடிப்பதை அது விளக்காது. ஈஸ்டையும் சந்தேகிக்கலாம். ஈஸ்ட் உள்ள பாணும் மாமைட்டும் தொல்லையின்றிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தச் சந்தேகம் பெரிதும் குறைந்துவிடும்.

‘நான் தினமும் கோதுமை ரொட்டிதானே சாப்பிடுகிறேன்’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான், ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தவறவிட்டு ஆபத்தில் வந்து நிற்பவர்கள் இருப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். சிலருக்குக் கோதுமை தனியாக எதுவும் செய்யாது. ரொட்டி சாப்பிட்டுவிட்டு மேட்டில் ஏறி மலையில் வேலை செய்தாலோ, உடம்பு வலிக்கு அஸ்பிரினோ டைக்ளோபினாக்கோ போட்டாலோ, மது குடித்தாலோ, அதே ரொட்டி உடம்பெல்லாம் தடிக்கவைத்து, இரத்த அழுத்தத்தை இறக்கி, ஆளையே சாய்த்துவிடும். காலையில் ரொட்டி தின்று சும்மா இருந்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்துக் கோதுமைக்கு விடுதலை கொடுத்துவிட முடியாது. எனவே ஒவ்வொரு முறை தடித்தபோதும் அதற்கு முந்தைய சில மணித்தியாலங்களில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், என்ன குளிசை போட்டீர்கள் என்பதை எழுதிவையுங்கள். குடிக்கும்போது கொறித்த கடலையையும் பொரித்த இறாலையும்கூட எழுதுங்கள்.

இரத்தம் எடுக்க வருபவரைப் பற்றி. இப்படி மொத்தமாக விற்கப்படும் சோதனைகளில் பல ஐ.ஜி.ஜி என்ற எதிர்ப்பொருளை அளப்பவை. ஓர் உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும், ஒவ்வாமையை அல்ல. பருப்பு, பால், முட்டை, கத்தரிக்காய் என்று பாதிச் சாப்பாட்டைச் சிவப்பு மையில் அடித்த அறிக்கையுடன் என்னிடம் வந்த ஒருவர், மூன்று மாதமாக வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டு இளைத்திருந்தார். சோதனைக்கு ஆள் பிடித்துத் தரகு வாங்குபவருக்கு அதில் என்ன கவலை? ‘கம்பனிச் சரக்கில்தான் கெமிக்கல், நம்முடையது சுத்தம்’ என்று கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்பை விற்பவர் சொல்வதையும் நம்பாதீர்கள். காய்ச்சுவதற்காக ஊறப்போட்ட கோடாவில் எதைக் கலந்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. கசிப்பு குடித்த மறுநாள் பார்வை மங்கினால் அது ஒவ்வாமை அல்ல, மெதனோல் நஞ்சாக இருக்கலாம். தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

பிரிட்டோன் அரிப்பை அடக்கும், மூச்சுக்குழல் அடைபடுவதைத் தடுக்காது. மதுவுடன் சேர்ந்தால் தூக்கத்தில் ஆழ்த்தி, ஆபத்து வரும்போது உங்களை எழும்பவும் விடாது. உதடு வீங்கி மூச்சும் இழுத்த பிறகு ‘கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கிறேன்’ என்பதற்கும் இடமில்லை. மறுபடியும் அப்படி நேர்ந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், காலை உயர்த்திப் படுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். தேவைப்படும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அதைத் தானே குத்திக்கொள்ளும் பேனா நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத்து மருந்தகத்தில் அட்ரினலின் இருக்கிறதா என்று இன்றே கேட்டுவையுங்கள். அலுமாரியில் இருந்தும் சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்த கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பார்லி, கோதுமை, ஈஸ்ட் ஆகியவற்றுக்குத் தோல் சோதனை செய்யும் இடத்துக்குக் கடிதம் தருமாறு அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் கேளுங்கள். ஒரு துண்டுக் கடிதத்துக்காக இரண்டு நாள் சம்பளத்தை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருப்பது வெட்கக்கேடுதான், ஆனாலும் போங்கள். சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் பிரிட்டோன் போடக் கூடாது, போட்டால் தோல் பொய் சொல்லும். எழுதிவைத்த குறிப்பையும், பியர்ப் போத்தலின் லேபிளையும், அக்கா சொன்ன சேர்மானப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.