ரகசியமும் காதலும் ஒட்ட மாட்டேன் என்கிறதா? டைரியை எடுத்துவிடுங்கள்

நீங்கள் எழுதும் கதையில், இலங்கையின் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் மூத்த மகனை விட்டுவிட்டு 1970களில் கோத்தகிரிக்கு வந்த பாட்டி, பழைய டைரியில் அதைப் படித்துவிடும் 17 வயதுப் பேத்தி, அவளுக்குக் காதல் வரப்போகும் ஒரு பையன், ஆனால் கதையைப் படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ரகசியம் ஒரு கதை, காதல் வேறு கதை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த டைரி வேண்டாம். கொழுந்து பறித்து வாழ்ந்த அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை, உங்கள் கதைப் பாட்டி டைரி எழுதினார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்தது, மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள், அண்ணன் அங்கே தங்கை இங்கே என்று உடைந்த குடும்பங்கள் ஏராளம். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்குக் குடும்ப அட்டை உண்டு, ரேஷன் அட்டை இல்லை, கூட வந்த குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கும் அட்டை. கதைக்கு அதுதான் சரியான காகிதம்.

கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அவள் அந்த அட்டையைத் தேடட்டும், தாலுகா அலுவலகத்துக்கு அந்தப் பையனும் கூட வரட்டும். அட்டையில் இரண்டு பிள்ளைகள், உள்ளே மடித்து வைத்த போட்டோவில் மூன்று. அதை முதலில் கவனிப்பது அவன்தான். தன் வீட்டு விஷயத்தைத் தனக்கு முன்னால் இவன் பார்த்துவிட்டானே என்று அவளுக்கு வரும் கோபம் இருக்கிறதே, உங்கள் காதல் கதை அங்கேதான் தொடங்குகிறது. பாட்டி வாய் திறப்பதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். அந்த அத்தியாயத்தை எழுதியதும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.