மூன்று வான்கோழி, ஒரு நோட்டீஸ், ஒரு கொத்தமல்லிப் பாத்தி

கேள்வி: வணக்கம் தம்பி. தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் சொந்த வீட்டில் இருக்கிறேன், வயது 68. கிறிஸ்துமஸுக்கு அறுக்கலாம் என்று என் மகன் மூன்று வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தான். பேத்தி மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். அப்புறம் எங்கே அறுப்பது? இப்போது ஒரு சேவல், இரண்டு பெட்டை. சேவல் விடியற்காலை ஐந்து மணிக்கே கத்துகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டை பிடிக்கிறார். ஒரு நாள் அது மதில் தாண்டிப் போய் அவருடைய கொத்தமல்லிப் பாத்தியைத் தின்றுவிட்டது. போன மாதம் எங்கள் கேட் எப்படியோ திறந்து கிடந்திருக்கிறது. சேவல் தெருவுக்கு ஓடி, நடந்து போன அவர் பேரனின் கையைக் கீறிவிட்டது, இரண்டு தையல். "இன்னொரு தடவை வந்தால் சட்டிதான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரி வந்து, அனுமதியில்லாமல் கோழியினம் வளர்க்கிறீர்கள், 14 நாளில் அகற்றுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்துப் போனார். மகள் தன் டவுன்ஹவுஸுக்கே வந்துவிடச் சொல்கிறாள். பறவைகளை அங்கே கொண்டுபோகலாமா? இவை செல்லப் பிராணிகள் என்று சொன்னால் சட்டம் ஒத்துக்கொள்ளாதா?

பதில்: வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செல்லப் பிராணியா, சட்டிக்குப் போகிற பறவையா என்று சட்டம் பார்ப்பதில்லை. பெயர் வைத்திருந்தாலும் வான்கோழி கோழியினம்தான். ஆனால் நோட்டீஸைப் பொறுத்தவரை அதுவே உங்களுக்குச் சாதகம்.

ஜோஹன்னஸ்பர்க்கின் பொதுச் சுகாதாரத் துணைச் சட்டங்கள் 2004-இல் வந்தவை. அவற்றின்படி, குடியிருப்பு மனையில் பத்துக்கு மேல் கோழியினம் வளர்த்தால்தான் அனுமதி வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்று. "அனுமதியில்லை" என்பது மட்டுமே நோட்டீஸில் சொன்ன காரணம் என்றால் அது நிற்காது. அதற்காக நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நோட்டீஸ் கொடுத்திருக்கும் கெடு 14 நாள்தான். ஆகவே இந்த வாரமே எழுதுங்கள்: பறவைகள் மூன்று, துணைச் சட்டத்தின் வரம்பு பத்து, எந்தப் பிரிவின் கீழ் இந்த நோட்டீஸ், மேல்முறையீடு முடியும்வரை நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். நிர்வாக நீதிச் சட்டத்தின்படி காரணங்களை எழுத்தில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு 90 நாள் இருக்கிறதே என்று காத்திருந்தால் 21 நாள் ஓடிப்போய்விடும். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கூடவே வீட்டின் உரிமைப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பழைய டவுன்ஷிப் மனைகளின் பத்திரங்கள் சிலவற்றில் கால்நடை வளர்ப்பு பற்றி ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் சேர்ந்திருந்தால் முட்டைகள் கருக்கட்டும். பெட்டை அடைகாத்தால் 28 நாளில் குஞ்சு. இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே பருவத்தில் பத்தைத் தாண்டிவிடுவீர்கள். முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள். எடுத்தது சமையலுக்கு ஆகும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். வழக்கில் நீங்கள் தோற்கக்கூடிய இடம் இதுதான். மூன்று என்ற எண் அனுமதிப் பிரச்சினையில் காப்பாற்றும், தொல்லை என்ற வழக்கில் காப்பாற்றாது. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கவ்டெங் மாகாணத்துக்கு 1999-இலிருந்தே தனிச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. அது போக, பக்கத்து வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். நீதிமன்றம் எடுக்கிற அளவுகோல் 1938-இல் வந்த பிரின்ஸ்லூ எதிர் ஷா தீர்ப்பிலிருந்து வருவது: இப்படியொரு தெருவில் குடியிருக்கிற சாதாரண, நியாயமான மனிதர் இதைப் பொறுத்துக்கொள்வாரா? ஊசி விழுந்தாலும் எழுந்துவிடுகிறவர் கணக்கில் வரமாட்டார், வேண்டுமென்றே வம்புக்கு வருகிறவரும் வரமாட்டார். அந்த வழக்கே சத்தமான மத ஆராதனை பற்றியதுதான். ஆராதனைக்கே தடையாணை விழுந்தது என்றால் வான்கோழிக்கு என்ன சலுகை கிடைக்கும்? நம்முடைய கோயில் மேளத்துக்கும் அதே அளவுகோல்தான், அதை இன்னொரு நாள் பேசலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தினமும் கத்துவதை நியாயமான மனிதர் பொறுக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம். ஆண் வான்கோழி திடீர்ச் சத்தத்துக்குப் பதில் குரல் கொடுக்கும். டாக்ஸி ஹூட்டர் அடித்தாலும் போதும், கதவைப் படாரென்று சாத்தினாலும் போதும். வசந்த காலத்தில், செப்டம்பர் அக்டோபரில், இன்னும் மோசமாகும். இரவில் கூரையும் நாலு சுவரும் உள்ள, வெளிச்சம் நுழையாத கொட்டிலில் அடைத்து ஏழு மணிக்குத் திறந்துவிட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டு மதிலிலிருந்து தள்ளி. அதுவும் உதவாவிட்டால் சேவலைப் பண்ணைக்குத் திருப்பிவிடுங்கள். பெட்டைகள் அப்படிக் கத்தமாட்டா. பேத்தி அழுவாள், தெரியும். சேவலை அனுப்பினால் குஞ்சுக் கவலையும் தீரும். என்ன செய்தீர்கள் என்று தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். நீதிபதி முதலில் கேட்பது "நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள்?" என்பதைத்தான்.

பையனின் கைக்கு வருகிறேன். ரோமச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த விதி ஒன்று இருக்கிறது, ஆக்டியோ டி பாப்பெரி என்பார்கள். வீட்டு விலங்கு தன் இனத்துக்குப் பொருந்தாத மூர்க்கத்தோடு ஒருவரைத் தாக்கினால், உரிமையாளர் மேல் தவறு இல்லாவிட்டாலும் நஷ்டஈடு தர வேண்டும். கேட் எப்படியோ திறந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 2020-இல் புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மூன்று பிட்புல் நாய்களின் சொந்தக்காரர் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். எடுபடவில்லை. பையன் சீண்டியிருந்தால் கதை வேறு, ஆனால் அவன் பொதுத் தெருவில் நடந்துபோனான் என்று நீங்களே சொல்கிறீர்கள். இணை சேரும் காலத்துச் சேவல் பாய்வது அதன் இயல்புதானே என்று கெட்டிக்காரத்தனமாக வாதாடலாம். என் காசை அதன் மேல் வைக்கமாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவின் ரசீதைக் கேட்டு, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்தில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்து அவர் சிறு கோரிக்கை நீதிமன்றம் போனாலும் அங்கே உச்ச வரம்பு 20,000 ரேண்ட், இரு பக்கமும் வக்கீல் வரமுடியாது.

கொத்தமல்லிக்கும் இதே கதைதான். அடுத்தவர் பயிரை மேய்ந்த விலங்கின் சொந்தக்காரர் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டு கொத்தமல்லிக்காக நீதிமன்றம் ஏறுகிறவரை நான் பார்த்ததில்லை. நாலு கட்டு வாங்கிக்கொண்டு நேரில் போய்விட்டு வாருங்கள். பறவையின் ஒரு பக்கச் சிறகை வெட்டிவிட்டால் மதில் தாண்டாது.

ஆனால் சட்டி மிரட்டலுக்கு அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. பறவையை விரட்டலாம், நஷ்டம் கேட்கலாம். கொன்றால் அது அடுத்தவர் சொத்துக்கு வேண்டுமென்று சேதம் செய்த குற்றம். விஷம் வைத்தால் 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், இப்போதைக்குக் காட்டவும் வேண்டாம்.

(சண்டையில் அவர் "இது என்ன நம்ம நாட்டுப் பறவையா?" என்றும் கேட்டாராம். வான்கோழியின் பூர்வீகம் மெக்சிகோ. ஆனாலும் டச்சுக்காரர்கள் அதைக் கள்ளிக்கோட்டைக் கோழி என்று நினைத்துப் பெயர் வைத்ததில்தான் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வான்கோழிக்குக் கல்கூன் என்ற சொல்லே வந்தது. வழக்குக்கு உதவாது, சொல்லி வைத்தேன்.)

ஒரு எச்சரிக்கை. 2017-லும் 2021-லும் 2023-லும் பறவைக் காய்ச்சல் இந்த நாட்டைப் படுத்தியது. 2023-இல் கடைகளில் முட்டை கிடைக்காமல் நின்றோமே. அதுவும் நியூகாசில் நோயும் (கோழிகளின் வெள்ளைக்கழிச்சல்) 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. பறவை திடீரென்று செத்தாலோ தலை திருகி விழுந்தாலோ, புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது உங்கள் கடமை.

இனி மகள் வீடு. அது செக்ஷனல் டைட்டில் வளாகம் (வீடு தனித்தனிச் சொந்தம், பொது இடங்கள் கூட்டுச் சொந்தம்) என்றால், வளாகம் தனக்கென்று வேறு விதி பதிவு செய்திராத பட்சத்தில், பொது நடத்தை விதிகளில் முதல் விதியே இதுதான்: வளாகத்தை நிர்வகிக்கிற டிரஸ்டிகளின் எழுத்துச் சம்மதமில்லாமல் விலங்கோ ஊர்வனவோ பறவையோ வைக்கக் கூடாது, ஆனால் அவர்கள் நியாயமில்லாமல் மறுக்கவும் கூடாது. 1999-இல் டர்பன் நீதிமன்றம் லகுனா ரிட்ஜ் வழக்கில், ஒரு சிறு நாய்க்கு அனுமதி மறுத்த டிரஸ்டிகளின் முடிவை ரத்து செய்தது. எல்லாரும் கேட்பார்களே என்று பொத்தாம்பொதுவாக மறுக்க முடியாது, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மறுத்தால் சமூக வளாகக் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் சேவலுக்கு மறுப்பு சொன்னால், அது நியாயமான மறுப்பு என்றுதான் நானும் சொல்வேன். இரண்டு பெட்டைக்கு மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தில் "சிறு பறவைகள்" என்று மழுப்பாமல் வான்கோழி என்றே எழுதி எடையையும் போடுங்கள். டிரஸ்டிகள் நிபந்தனையோடு சம்மதிப்பார்கள், நிபந்தனை மீறினால் சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு பறவையையும் காரில் ஏற்றாதீர்கள்.